அக்காவுடன் ஒரு பேச்சுவார்த்தை

உலகப் பாதுகாப்பு மாமன்றம் தன் புதுக் கட்டடத்துக்கு அமைதியான தெருவாக ஒன்று வேண்டும் என்று பல ஊர்களில் தேடிவிட்டு, கடைசியில் பல்செட்டுக்காரர் குடியிருந்த தெருவைக் கண்டுபிடித்தது. அதுவரை அந்தத் தெரு அமைதியாகத்தான் இருந்தது.

பல்செட்டுக்காரர் அறுபதைத் தாண்டியவர். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்து, வீட்டின் முன்னறையில் மெழுகும் பிசினும் உருக்கி மற்றவர்களுக்குப் பல்வரிசை செய்து கொடுப்பது தொழில். கல்யாணம் ஆகவில்லை. "ஒருத்தி சிரிச்சா முகத்தைப் பார்க்காம பல்லைப் பார்ப்பான். பிறகு எவ வருவா?" என்று அக்கா சொல்வாள்.

அக்கா வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில் இருந்தாள். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது, பிள்ளைகள் இல்லை. தினமும் சாயங்காலம் தூக்குப் பாத்திரத்தோடு சின்னப் பாலத்தைக் கடந்து தம்பி வீட்டுக்கு வருவாள். இருவரும் சாப்பிடுவார்கள். குழம்பில் உப்பு தூக்கலா குறைவா என்று ஒரு சண்டை நடக்கும். அதுதான் அவர்களுடைய பேச்சு. வேறு பேச்சு அவர்களுக்குத் தெரியாது, தேவையும் படவில்லை.

மாமன்றம் திறக்கப்பட்ட அன்று பாலத்தில் இரும்புக் கதவு போட்டார்கள். அண்டைவாசிகள் நல்லுறவுப் பிரிவின் அதிகாரி ஒருவர் வீடு தேடி வந்தார். கழுத்தில் நாலைந்து அடையாள அட்டைகள் தொங்கின. அவர் திரும்பும்போதெல்லாம் அவை ஒன்றோடொன்று மோதிக் கிலுகிலுத்தன.

"நீங்க ரொம்பக் கொடுத்து வெச்சவர் சார். இன்னிக்கு உலகத்துலயே பாதுகாப்பான வீடு எது தெரியுமா?"

"எது?"

"உங்க வீடுதான்."

"அப்போ சாயங்காலம் எங்க அக்கா வரலாமில்ல?"

"வெளியாள் யாரும் வர முடியாது சார். அதனாலதானே அது பாதுகாப்பான வீடு?"

அதிகாரி விதிகளை விளக்கினார். பல்செட்டுக்காரர் எப்போது வேண்டுமானாலும் வெளியே போகலாம். ஆனால் போன கணமே அவர் வெளியாள் ஆகிவிடுவார். வெளியாள் யாரும் உள்ளே வர முடியாது. ஆள் இல்லாத வீடுகளை இடித்துவிட்டுப் பிரதிநிதிகளின் கார்களை நிறுத்திக்கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு. "மத்தபடி உங்களுக்கு முழுச் சுதந்திரம்" என்று முடித்தார்.

அது அப்பா கட்டிய வீடு. பாதி அக்காவுடையது. பாலத்துக் கதவுக்கு அப்பால் நின்று அக்கா கத்தினாள்: "நீ நகர்ந்தா அந்தப் பாவிங்க வீட்டை இடிச்சிடுவானுங்க. கல்லு மாதிரி உட்காருடா அங்கேயே!"

கல் மாதிரி உட்கார்ந்தார்.

கூட்டம் நடக்கும் நேரத்தில் மட்டும் செல்போன் அலைகளை முடக்குவதாக அறிவித்திருந்தார்கள். கூட்டம் நடக்காத நேரம் என்று மாமன்றத்தில் ஒன்று கிடையாது என்பது போகப்போகத்தான் தெரிந்தது. வீட்டுத் தொலைபேசியின் கம்பியை, பிரதிநிதிகளுக்குப் பதுங்கறை கட்டக் குழி தோண்டியபோது வெட்டிவிட்டார்கள். ஆனாலும் ஒன்று மிச்சமிருந்தது. அக்காவின் தொண்டை. நெரிசல் பஸ்ஸின் பின்படியில் நின்று முன்படியில் தொங்குபவனை உள்ளே ஏற்றிய தொண்டை அது. சாயங்காலமானால் மொட்டை மாடியில் நின்று வாய்க்காலைத் தாண்டிக் குரல் கொடுப்பாள்.

"சாப்டியாடா?"

"ஆச்சு!"

இந்த இரண்டு வார்த்தையில் அன்றைய நாள் முடிந்துவிடும். ஒரு வாரம் கழித்து அதிகாரி வந்தார். கூடவே காதில் கருவி மாட்டிய இருவர்.

"தினமும் ஒரே நேரத்துல ஒரு ஒலி எல்லையைத் தாண்டி உள்ள வருது. உங்களுக்கு ஏதாவது தெரியுமா சார்?"

"அது எங்க அக்கா. சாப்பிட்டியான்னு கேக்குறா."

"எதைச் சாப்பிட்டியான்னு?"

"எதையாவது."

அதிகாரி மற்ற இருவரையும் பார்த்தார். அவர்கள் முகம் இருண்டது. "எதைன்னு குறிப்பிடாம கேக்குறாங்க பாருங்க, அதுதான் எங்களுக்குக் கவலை" என்றார்.

அடுத்த மாதம் வாய்க்கால் ஓரம் முழுவதும் ஒலி புகாத கண்ணாடிச் சுவர் எழும்பியது. திறப்பு விழாவில் மாமன்றத் தலைவர் உரையாற்றினார். பல்செட்டுக்காரர் ஜன்னலிலிருந்து கேட்டார். தெருவில் மிச்சமிருந்த ஒரே பார்வையாளர் அவர்தான்.

"இந்தச் சுவர் எங்கள் வெளிப்படைத்தன்மையின் சின்னம்" என்றார் தலைவர். "நாங்கள் உள்ளே என்ன செய்கிறோம் என்பதை உலகம் தாராளமாகப் பார்க்கலாம். உலகம் சொல்வதைக் கேட்பதில் மட்டும்தான் எங்களுக்குச் சில தொழில்நுட்பச் சிக்கல்கள் உள்ளன. உலகம் பாதுகாப்பாக இருக்க வேண்டுமானால், உலகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் பாதுகாப்பாக இருக்க வேண்டும். அவர்கள் பாதுகாப்பாகி மிச்சம் ஏதும் இருந்தால், அது உலகத்துக்குத்தான்."

பிரதிநிதிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அக்கம்பக்கத்தார் அதற்குள் ஒவ்வொருவராக வீட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். எதிர்வீட்டுச் சலவைக்காரர், மூலைக்கடைக்காரர், பக்கத்துவீட்டு நர்ஸம்மா. தொழிலும் படுத்தது. அச்சு வார்ப்பதற்காக மருத்துவர்கள் அனுப்பிய மாவுக்கல் பொடியைச் சந்தேகத்துக்குரிய வெள்ளைப் பொடி என்று பிடித்தார்கள். ஒரு பை நிறையச் செயற்கைப் பற்கள் வந்தபோது மூன்று குழுக்கள் வந்து விசாரித்தன. ஒரு அதிகாரி பற்களை மேஜையில் பரப்பி, "இவங்கெல்லாம் இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்டார். இவை யாருடையவையும் அல்ல, இனிமேல்தான் யாருடையவையாகவோ ஆகப்போகின்றன என்று விளக்கியதை, எதிர்காலத்தில் நடக்கவிருக்கும் குற்றத்துக்கான ஒப்புதலாகக் குறித்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு மருத்துவர்கள் அச்சு அனுப்புவதை நிறுத்தினார்கள். பாதுகாக்கப்பட்ட குடிமகன் என்ற முறையில் தினம் இரண்டு வேளை அட்டைப்பெட்டியில் சாப்பாடு வந்தது. அதில் உப்பு எப்போதும் சரியாக இருந்தது. பல்செட்டுக்காரருக்கு அது தாங்கவில்லை. சண்டை போட ஆளில்லாத சாப்பாடு தொண்டைக்குக் கீழே இறங்க மறுத்தது. அலமாரியில் யாரும் வாங்கிப் போகாத பல்வரிசைகள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தன. வீட்டில் அவை மட்டும்தான் சிரித்தன.

அக்கா சும்மா இருக்கிறவள் இல்லை. ஒரு நாள் காலை மொட்டை மாடிக் கொடியில் வெள்ளைத் துண்டு ஒன்றைப் போட்டாள். துண்டைக் காட்டினாள், தன் நெஞ்சைத் தட்டினாள், கையை விரித்து ஆட்டினாள். துண்டு தொங்கினால் நான் நன்றாக இருக்கிறேன் என்று தம்பிக்குப் புரிந்தது. அவர் தன் வேலை ஏப்ரனை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டார். அக்கா தலையாட்டினாள். அன்றிலிருந்து எழுந்ததும் முதல் வேலை, ஜன்னலைத் திறந்து துண்டைப் பார்ப்பது. பார்த்த பிறகுதான் முகம் கழுவுவார்.

மூன்றாம் நாளே ஜன்னலுக்கு வெளியே ஒரு ட்ரோன் வந்து நின்று, ஏப்ரனை நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு போனது.

பிறகு நடந்ததைப் பாலத்துக் காவலர்தான் சொன்னார். அவர் நரைமீசைக்காரர், ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே இருந்ததால் உண்மை பேசப் பழகியிருந்தார்.

"உங்க துண்டுக்குன்னு தனிப் பிரிவே ஆரம்பிச்சுட்டாங்க சார். ஈரத் துண்டுன்னா ஒரு அர்த்தம், காஞ்ச துண்டுன்னா ஒரு அர்த்தமாம். காத்துல திரும்பினா சங்கேதம் மாறுதாம். நேத்து மன்றத்துல நாள் பூரா இதே பேச்சுதான்."

"சண்டை நடக்குதே, ரெண்டு நாட்டுக்கு? அதைப் பத்திப் பேசலையா?"

"அதைச் சண்டைன்னு சொல்றதா, நிலைமைன்னு சொல்றதான்னு இன்னும் முடிவாகலை. அதுல ஒரு நாட்டுப் பிரதிநிதியம்மா பேச எழுந்தாங்க. தங்க ஊர்ல ஆஸ்பத்திரி எரியுதுன்னு. உங்க துண்டு முடியட்டும்னு உட்கார வெச்சுட்டாங்க."

பல்செட்டுக்காரர் அன்று அட்டைப்பெட்டியைத் திறக்கவேயில்லை.

ஒரு காலை ஜன்னலைத் திறந்தார். துண்டு இல்லை. கொடியும் இல்லை. அக்காவும் இல்லை. மொட்டை மாடி வெறுமையாக இருந்தது.

தாமதமாக எழுந்திருப்பாள் என்று நின்றார். வெயில் ஏறியது. சாயங்காலம் வரை நின்றார். மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. படியில் தவறி விழுந்திருப்பாளோ? ரத்தக்கொதிப்பு மாத்திரை தீர்ந்திருக்குமோ? கதவு உட்பக்கம் தாழ் போட்டிருக்கும், யார் தட்டுவார்கள்? அவளுக்கு அவரைத் தவிர யார் இருக்கிறார்கள்? அவருக்கும் அவளைத் தவிர யாருமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அதிகாரியைப் போய்ப் பிடித்தார்.

"அக்கா உயிரோட இருக்காளா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"அதை உறுதிப்படுத்தவும் முடியாது, மறுக்கவும் முடியாது சார்."

"ஐயா, உறுதிப்படுத்துறதுக்கு ஒண்ணுமில்ல. ஒருத்தர் போய்க் கதவைத் தட்டினா போதும்."

"தட்டினா, நாங்க கவனிக்கிறோம்னு மறுதரப்புக்குத் தெரிஞ்சுடுமே!" அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "கவலைப்படாதீங்க. உங்க அக்கா விஷயத்துல மன்றம் ஏற்கெனவே ஆழ்ந்த கவலை தெரிவிச்சாச்சு. ஆழ்ந்த கவலைக்கு மேல எங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

"என்னது?"

"மிக ஆழ்ந்த கவலை."

பல்செட்டுக்காரர் வீட்டுக்கு வந்து ஒரு பையில் இரண்டு சட்டையை வைத்துக்கொண்டு பாலத்துக்குப் போனார். வீடு போனால் போகட்டும். காவலர் அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். ஆனால் கதவைத் திறக்கவில்லை.

"மன்றத்தோட மாநாடு முடியற வாரம் சார். வெளிய போறதையும் நிறுத்தி வெச்சிருக்காங்க. உலகத்துலயே பாதுகாப்பான இடத்தை விட்டு ஒருத்தர் ஓடுறார்னா வெளிய தப்பாப் பேசுவாங்களாம்."

"நீங்களாவது போய்ப் பார்த்துட்டு வரக்கூடாதா?"

"போனா நானும் வெளியாள் ஆயிடுவேன் சார்." காவலர் மீசையைத் தடவிக்கொண்டு வேறெங்கோ பார்த்தார். "நான் வீட்டுக்குப் போயே மூணு மாசம் ஆச்சு."

பல்செட்டுக்காரர் பையோடு திரும்பினார். காலியான தெருவில் அவருடைய செருப்புச் சத்தம் மட்டும் கூடவே வந்தது.

மாநாட்டின் நிறைவு நாள் காலையில் அதிகாரி தலைதெறிக்க ஓடி வந்தார். கையில் மன்றத்தின் சின்னம் பொறித்த துணி. பிரித்தால், இரண்டு துண்டாக உடைந்த மேல்வரிசைப் பல்செட். முந்தைய இரவு விருந்தில் தலைவர் வறுத்த பருப்பு ஒன்றைக் கடித்துவிட்டார். வெளியிலிருந்து பல் மருத்துவரை அழைத்து வர எட்டுத் துறைகளின் அனுமதி வேண்டும். பாதுகாப்பு வளையத்துக்குள் பல் தெரிந்தவர் ஒருவர்தான்.

பின்னாலேயே தலைவரும் வந்தார், வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு. முன்னறையில் இருந்த ஒரே முக்காலியில் உட்கார்ந்தார். "ஹமாஹானம்" என்றார்.

"சமாதானம்னு சொல்றார்" என்று அதிகாரி பதறினார். "அந்த ஒரு வார்த்தைதான் சார் வரமாட்டேங்குது. உரையில அதை எடுத்துட்டா மிச்சம் இருக்கிறது நன்றியுரை மட்டும்தான்."

பல்செட்டுக்காரர் துண்டுகளைச் சேர்த்து வெளிச்சத்தில் பார்த்தார். "ஒட்டிடலாம். சாயங்காலத்துக்குள்ள தரேன்" என்றார். பிறகு கருவியைக் கீழே வைத்துவிட்டு, "ஆனா எனக்கு எங்க அக்காவைப் பார்க்கணும்" என்றார். கெஞ்சலா மிரட்டலா என்று அவருக்கே தெரியவில்லை.

தலைவர் நெகிழ்ந்துபோனார். அவர் சொன்னதை அதிகாரி எடுத்துச் சொன்னார்: "நீங்க கேக்குறது ஒரு சின்ன விஷயம்ங்கிறார். எந்தச் சின்ன விஷயத்தையும் இந்த மன்றம் சின்னதா விட்டதில்லைங்கிறார்."

உடைந்த இரண்டையும் மெழுகால் பொருத்தி, அடியில் மாவுக்கல் ஊற்றி, பிளவைத் தேய்த்து அகலமாக்கி, இளஞ்சிவப்புப் பிசின் வைத்து, இறுகியதும் ராவி மெருகேற்றினார். மாதக்கணக்கில் சும்மா கிடந்த கை. ஆனாலும் வேலையை மறந்திருக்கவில்லை.

தலைவர் சாயங்காலம் உரையாற்றினார். சமாதானம் என்ற சொல் ஒவ்வொரு முறையும் மணி மணியாக விழுந்தது. எரிந்த ஆஸ்பத்திரியை நிலைமை என்றே அழைப்பது என ஒருமனதாக முடிவாகியிருந்தது. பாதுகாப்பு வளையத்துக்குள் இதுவரை எதுவுமே நடக்கவில்லை என்பதால் அதன் பயன் நிரூபணமாகிவிட்டது என்றும், ஆகவே அது நிரந்தரமாக்கப்படுகிறது என்றும் அறிவித்தார்.

மறுநாள் முற்பகல், மன்றத்தின் சிறிய மண்டபத்தில் இருதரப்புச் சந்திப்பு ஏற்பாடானது. சிறிய மண்டபத்தில் முந்நூறு பேர் உட்காரலாம்; பிரதிநிதிகள் நிறைந்திருந்தார்கள். நடுவில் ஒரு மேஜை. இந்தக் கோடியில் உட்கார்ந்தவர் எவ்வளவு கையை நீட்டினாலும் அந்தக் கோடியில் இருப்பவரைத் தொட முடியாது. யார் முதலில் நுழைவது என்ற பிரச்சினையைத் தீர்க்க இரண்டு கதவுகளை ஒரே நேரத்தில் திறந்தார்கள். கொடி இல்லாத தரப்புகள் என்பதால் முதலில் வெள்ளைக் கொடி வைத்தார்கள். பிறகு அது சரணடைவதைக் குறிக்கும் என்று யாரோ சொல்ல, சாம்பல் நிறத்தில் மாற்றினார்கள்.

எதிர்க் கதவில் அக்கா நின்றிருந்தாள்.

நன்றாகத்தான் இருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். கொண்டுவந்த தூக்குப் பாத்திரத்தை வாசலில் பிடுங்கிக்கொண்டார்கள் போலிருக்கிறது. கை சும்மா இருக்கத் தெரியாமல் பிசைந்துகொண்டிருந்தது. பல்செட்டுக்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நடுவில், மன்றத்தின் பதிவுக்காக ஒரு மொழிபெயர்ப்பாளர் ஒலிவாங்கியோடு உட்கார்ந்திருந்தார்.

அக்கா ஒலிவாங்கியைத் தள்ளி வைத்தாள். "சாப்டியாடா?"

"மறுதரப்பு உணவுப் பாதுகாப்பு குறித்து விசாரிக்கிறது" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"சாப்டேன்."

"போதிய கையிருப்பு உள்ளதாக இத்தரப்பு தெரிவிக்கிறது."

"பொய் சொல்றான். கன்னம் ஒட்டிப் போய்க் கிடக்கு!"

"அத்தகவலின் நம்பகத்தன்மையை மறுதரப்பு கேள்விக்குள்ளாக்குகிறது."

"துண்டு எங்கக்கா? ஏன் போடலை?"

"எங்க போட? துண்டு, கயிறு, க்ளிப்பு எல்லாத்தையும் சாட்சின்னு சொல்லித் தூக்கிட்டுப் போயிட்டானுங்க. மாடிக் கதவையும் பூட்டிட்டானுங்க. பாலத்துக்கிட்டயும் விடலை."

"சான்றுகள் பாதுகாப்பாக உள்ளன."

பல்செட்டுக்காரர் மேஜையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நான் என்னென்னமோ நினைச்சுட்டேன்க்கா."

மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் தயங்கினார். "இத்தரப்பு... நிலைமையைத் தவறாகக் கணித்ததை ஒப்புக்கொள்கிறது."

"செத்துட்டேன்னு நினைச்சியா?" அக்காவின் குரல் கூரையில் மோதித் திரும்பியது. பிறகு, இதுவரை யாரும் கேட்டிராத அளவுக்குத் தாழ்ந்தது. "பைத்தியக்காரா. உன்கிட்டச் சொல்லாம நான் எங்கடா போவேன்?"

மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "முன்னறிவிப்பின்றி எந்த நடவடிக்கையும் எடுக்கப்படாது என்று மறுதரப்பு உறுதியளிக்கிறது."

மண்டபம் கைதட்டலால் அதிர்ந்தது. அந்தக் கட்டடத்தில் இவ்வளவு தெளிவான உத்தரவாதத்தை யாரும் யாருக்கும் இதுவரை கொடுத்ததில்லை. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நேரம் முடிந்ததாக மணி அடித்தது. சந்திப்பு ஆக்கபூர்வமாக அமைந்தது என்றும், இரு தரப்புக்கும் மன்றத்துக்கும் தோதான ஒரு நாளில் அடுத்த சுற்று நடைபெறும் என்றும் அதிகாரி கூட்டறிக்கையை வாசித்தார். தோதான நாள் எது என்பதை ஆராயத் துணைக்குழு ஒன்று அமைந்திருந்தது.

"இப்ப ரெண்டு பேரும் நடுவுல வந்து கைகுலுக்கணும். போட்டோவுக்கு" என்றார்.

இருவரும் விழித்தார்கள். அறுபது வருஷத்தில் அவர்கள் கைகுலுக்கியதில்லை. அக்கா தம்பியை அடித்திருக்கிறாள், சோறு போட்டிருக்கிறாள், ஜுரத்தில் நெற்றியைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். கைகுலுக்குவது எப்படி என்று தெரியாமல் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் இரண்டு கையையும் நீட்டினார்கள்.

"வலது கை மட்டும்" என்றார் போட்டோக்காரர். "அப்படியே நில்லுங்க. அசையாதீங்க."

"கை என்னடா இப்படி ஜில்லுன்னு கிடக்கு?" என்றாள் அக்கா.

மொழிபெயர்ப்பாளர் ஒலிவாங்கியை அணைத்துவிட்டிருந்தார். அந்த வாக்கியம் எந்தப் பதிவிலும் இல்லை.

போட்டோக்காரர் ஒன்று எடுத்தார். வெளிச்சம் சரியில்லை என்று இன்னொன்று எடுத்தார். பிறகு கேமராவைப் பார்த்துத் தலையாட்டினார். "போதும் சார், நல்லா வந்திருக்கு."

இரண்டு கதவுகளும் திறந்துகொண்டன. இரண்டு பக்கமும் அழைத்துப் போக ஆட்கள் வந்து நின்றார்கள்.

"இல்ல, அக்கா கண்ணை மூடிட்டா" என்றார் பல்செட்டுக்காரர். "இன்னொண்ணு எடுங்க."

அக்கா கண்ணை மூடியிருக்கவில்லை. தம்பி சொன்னதைக் கேட்டதும் மூடிக்கொண்டாள்.